மூவரும் சம்மதித்தால்

பதினான்காம் அத்தியாயம்

கந்தப்பு ஜெனரேற்றரைச் சைக்கிள் கரியலிலிருந்து இறக்கும்போதே சொல்லிவிட்டான்.

"அக்கா, மண்ணெண்ணெய் அரை மணித்தியாலத்துக்குத்தான் காணும். பேந்து என்னோடை கோவிக்கக் கூடாது."

கலியாண வீடுகளிலும் சாமத்தியச் சடங்குகளிலும் வீடியோப் படம் போட்டுக் காட்டுகிற ஜெனரேற்றர் அது. இன்று அதற்குச் சீவரத்தினம் மாஸ்டர் வீட்டில் வேறு வேலை.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலடி வைக்கிறவர்களுக்காக, பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் இருந்த காலத்தில் மாஸ்டரும் தங்கை அருந்ததியும் சுன்னாகத்தில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார்கள். தமிழில் ரைப் செய்வதற்கு ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதற்கு 'நாற்று' என்று பெயர் வைத்தார்கள். குருநகரில் அச்சகம் வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளை வந்திருந்து எழுத்துகளின் வடிவத்தைத் திருத்திக் கொடுத்தார். மூவரும் அதை விற்கவில்லை. உள்ளே எழுதியிருப்பது முழுவதையும் எவரும் திறந்து பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியவர் அதை மறைத்து வைக்கக் கூடாது. எந்தத் திருத்தம் நாற்றுக்குள் சேரும், எது சேராது என்பதை மூவரும் பார்த்துச் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டையே மாற்றுவதென்றால், மூவரும் ஒரே வார்த்தையாகச் சம்மதிக்க வேண்டும்.

அப்படித்தான் நாற்று லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் ரொறொன்ரோவுக்கும் போய் வேர்விட்டது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. நாற்றைப் பயிரிட்டவர்கள் வெளிச்சத்தில் இருந்தார்கள். அதற்குத் தலைமை சொன்னவர்கள் இருட்டில் இருந்தார்கள்.

போன கிழமை, மாஸ்டரின் மனைவி கமலாவதி வைத்தியத்துக்கென்று கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தாள். ரொறொன்ரோவில் இருக்கும் மைத்துனன், மாஸ்டரினதும் அருந்ததியினதும் தம்பி பஞ்சலிங்கத்துடன் ரெலிபோனில் கதைத்துவிட்டு, அவன் சொன்ன ஒரு வார்த்தையையும் கொண்டு வந்தாள். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் இன்று. நீக்கிலாப்பிள்ளை இன்று பின்னேரம் கிளாலிக்கு வெளிக்கிடுகிறார். கடல்நீரேரியைக் கடந்து கொழும்பு போய் மகளோடு இருந்துவிடப் போகிறார். மூவரும் இனி ஒரு கூரையின் கீழ் இருக்கப் போவதில்லை.

கந்தப்பு கயிற்றை இழுத்தான். இயந்திரம் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு வீடே அதிரும்படி ஓடத் தொடங்கியது.

அருந்ததி கொம்பியூட்டரின் மேல் கிடந்த சேலைத் துண்டை எடுத்தாள். விசைகளுக்கிடையில் எறும்பு மண் கூட்டியிருந்தது. ஊதித் துடைத்துவிட்டு ஆளியைப் போட்டாள். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எழுத்துகள் வந்தன.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அவள் கண்ட எழுத்துகள். அழுவதற்கு மண்ணெண்ணெய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் வைத்திருந்த தாளைப் பார்த்து விரைவாக அடிக்கத் தொடங்கினாள்.

லண்டனிலிருந்து யசிந்தா அனுப்பிய திருத்தம் அது. யசிந்தா நீக்கிலாப்பிள்ளையின் தம்பி மகள். பகலில் தாதி வேலை, மிச்ச நேரத்தில் நாற்று. டிஸ்க்கில் அனுப்பினால் வவுனியாவில் ஆமிக்காரன் பறித்துவிடுவான் என்று தாளில் அச்சடித்து, யாரோ ஒரு கிழவியின் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். ஒரு பக்கம்கூட வராது.

நாற்றில் ஒரு குறை பிறப்பிலிருந்தே இருந்தது. 'தொ' என்று அடிக்கும்போது வரி முடிந்துவிட்டால், கொம்பு ஒரு வரியின் கடைசியில் தனியே நிற்கும். அது சேர வேண்டிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். அதை எப்படிச் சரிசெய்வதென்று அண்ணனும் தங்கையும் ஒரு காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். யசிந்தா செய்திருந்தாள்.

அருந்ததி திருத்தத்தை அடித்து முடித்துவிட்டு, வரியின் ஓரத்தில் வந்து விழுமாறு 'தொண்டைமானாறு' என்று அடித்தாள். கொம்பு தனியே நிற்கவில்லை. எழுத்து முழுதாக, கொம்பும் காலும் சேர்ந்தபடி, அடுத்த வரிக்கு இறங்கியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"உது எப்ப வந்தது?"

"போன வருசம். சித்திரைக்கு முன்னம்."

"நீ அப்ப என்ன சொன்னனீ?"

"பரிசோதிச்சுப் பாக்காமல் சேர்க்க ஏலாது எண்டு சொல்லி அனுப்பினனான். அவள் காத்திருந்தவள், அண்ணை. கனகாலம் காத்திருந்தவள்."

காத்திருந்து அலுத்துப்போன லண்டன்காரர் தங்களுக்கென்று ஒரு நாற்றை வைத்துக்கொண்டார்கள். ஒஸ்லோக்காரர் இன்னொன்று. பஞ்சலிங்கம் மற்றொன்று. ஓரிடத்தில் ரைப் செய்ததை வேறோரிடத்தில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறி வருகிறதாம். ஒழுங்கு குலையக் கூடாது என்று அருந்ததி பிடித்த பிடிதான் ஒழுங்கைக் குலைத்தது. அது அவளுக்குத் தெரியும். லாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க முடியாத புரோகிராமைத் தாளிலே வாசித்து, இது சரி, இது பிழை என்று பதில் எழுதிய ஒவ்வொரு முறையும் தெரிந்துதான் எழுதினாள். வேறு எப்படிச் செய்வதென்று தெரியவில்லை.

தெற்குப் பக்கமாக ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. கந்தப்பு எவரையும் கேட்காமலே இயந்திரத்தை நிறுத்தினான்.

திரை சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, அணைந்தது.

---

நீக்கிலாப்பிள்ளை மருதனார்மடத்தில் ஒரு வீட்டின் பின் அறையில் இரண்டு வருடமாக இருக்கிறார். குருநகரில் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செங்கல் குவியல்தான். அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், மூண்டு மணிக்கு நான் வெளிக்கிடவேணும். கொடிகாமம் மட்டும் சைக்கிள்தான். நேராக் கதைப்பம்," என்று கதிரையில் இருந்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். வகுப்பில் பாடம் தொடங்கும்போது செய்வது போல.

"பஞ்சன் கேக்கிறது இதுதான். நாற்று இனி அவன்ரை கொம்பனியின்ரை பேரிலை இருக்கும். எது சேரும், எது சேராது எண்டு அவன்தான் சொல்லுவான். உள்ளுக்கை எழுதியிருக்கிறதை இனி வெளியிலை காட்டான். அதுக்கு எங்கடை மூண்டு பேரின்ரை சம்மதமும் வேணும்."

"சம்மதமில்லாமலும் செய்யலாமே அவன். ஆர் போய் மறிக்கிறது?"

"செய்யலாம். ஆனா மற்ற ஊர்க்காரர் விடமாட்டினம். சுன்னாகம் சொல்லட்டும் எண்டு நிக்கினம். இந்த இருட்டுக்குள்ளை இருந்து நாங்கள் சொல்லுறதுக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு." மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் உண்மையைச் சொல்லுறன், நீக்கிலாப்பிள்ளை. மூண்டு வருசமா வேலை செய்தது பஞ்சன். வேலையாலை களைச்சு வந்து, இருந்து திருத்தினவன். சனம் ரெலிபோன் எடுக்கிறது அவனுக்கு. நாங்கள் ஒரு கடதாசிக்குப் பதில் சொல்ல ஆறு மாதம். நாங்கள்தான் தலைமை எண்டு சொன்னால், அது எங்களுக்கே கேக்க நல்லாயிருக்கோ?"

"நல்லாயில்லை," என்றாள் அருந்ததி. "நாங்கள் விலகத்தான் வேணும். நான் அதை மறுக்கேல்லை, அண்ணை. ஆனா விலகிறது வேறை, விட்டுக் குடுக்கிறது வேறை. யசிந்தா கடதாசியிலை கேட்டமாதிரிச் செய்வம். லண்டனிலை ஒராள், ஒஸ்லோவிலை ஒராள், ரொறொன்ரோவிலை பஞ்சன். எங்கடை இடத்திலை அந்த மூண்டு பேரும் இருக்கட்டும். உள்ளை எழுதினது திறந்தபடி இருக்கட்டும்."

"பஞ்சன் உதுக்கு ஒத்துக்கொள்ளான்."

"ஒத்துக்கொள்ளாட்டில் தன்ரை பேரிலை வேறையா ஒண்டைச் செய்யட்டும். எங்கடையை எடுத்தே செய்யட்டும், ஆர் வேண்டாமெண்டது? மற்ற ஆக்களுக்குக் கதவைப் பூட்டாமல் இருந்தால் சரி. எத்தினை பேர் எழுதினது, அண்ணை. யசிந்தா எழுதினது அதுக்குள்ளை இருக்கு. ஒஸ்லோப் பெடியன் எழுதினது இருக்கு. அவையள் குடுக்கேக்கை எங்களை நம்பித்தானே குடுத்தவை. பஞ்சனுக்கு அதைத் தூக்கிக் குடுக்க நாங்கள் ஆர்?"

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார்.

"அம்மன் கோயில் வழக்கை மறந்திட்டியளோ," என்று அருந்ததி தொடர்ந்தாள். "ஊர்ச்சனம் கல்லுச் சுமந்து கட்டின கோயில். பேந்து ஒரு வீட்டுக்காரர் தாங்கள்தான் எசமான் எண்டு கோயில் கதவைப் பூட்டித் திறப்பை மடியிலை கட்டிக்கொண்டு திரிஞ்சவை. அப்பா சாகுமட்டும் கோட்டுக்கு நடந்தவர்."

"நடந்தவர்தான். வெண்டவரோ?"

அப்பா வெல்லவில்லை.

கமலாவதி தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பாமல் நிலைப்படியில் நின்றாள்.

"நான் கதைக்கலாமோ?"

"நாற்றிலை ஒரு எழுத்தெண்டாலும் அடிச்ச ஆரும் கதைக்கலாம். அதுதானே எங்கடை முறை," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"நான் அடிச்சதில்லை."

"எண்டாலும் கதையுங்கோ, தங்கச்சி."

கமலாவதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்கு உங்கடை முறை விளங்காது. கொழும்பிலை பஞ்சன் சொன்னதை மட்டும் சொல்லுறன். 'மச்சாள், தாரணியைக் கனடாவுக்கு நான் கூப்பிடுறன், அலுவல் எல்லாம் நானே பாக்கிறன்' எண்டு எனக்குச் சொன்னவர். அதோடை, 'அருந்ததி அக்காவை ஓம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ' எண்டும் சொன்னவர்."

தாரணி கமலாவதியின் ஒரே மகள். பதினாறு வயது. அவளுடைய வகுப்பில் இந்த வருடம் ஐந்து கதிரைகள் வெறுமையாகிவிட்டன. கதிரையை விட்டுப் போனவர்களைப் பற்றி வகுப்பில் எவரும் கேட்பதில்லை. இயக்கத்துக்குப் போனவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவன் இரண்டையும் சேத்துச் சொன்னவனோ, மச்சாள்?" அருந்ததி கேட்டாள். "பிள்ளையைக் கூப்பிட வேணுமெண்டால் இதைத் தா எண்டு சொன்னவனோ? இல்லாட்டி ஒரு கதை முடிய இன்னொரு கதையாச் சொன்னவனோ?"

"எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெத்தவளுக்கு அது தெரியாது, அருந்ததி."

அருந்ததி கலியாணம் கட்டாதவள். கமலாவதி அவளைக் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

"வெளியிலை போக இயக்கம் தாற பாசுக்கு ஒரு வழி பாத்திருக்கிறன்," என்றாள் கமலாவதி, இன்னும் தாழ்ந்த குரலில். "பிள்ளை திரும்பி வருவாள் எண்டு ஒராள் பிணை நிக்க வேணுமாம். பிணை நிண்ட ஆள் பேந்து ஊரை விட்டு வெளிக்கிடேலாது. நீர் நிப்பீரோ?"

"நிக்கிறன்."

யோசிக்காமல் வந்த பதில். திரும்பி வராத பிள்ளைக்குப் பிணை நின்றால் தனக்கு என்ன நடக்கும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

"அதுக்கு இவ்வளவு கெதியா ஓம் எண்டு சொன்னீர். இதுக்கு மட்டும் ஏன் வாய் வருகுதில்லை?"

"ஏனெண்டால் பிணை நிக்கிறது நான் ஒருத்தி, மச்சாள். நாற்று என்னுடையதில்லை."

"அப்ப ஆரின்ரை? இஞ்சை சேலைத் துண்டுக்குக் கீழை கிடந்து அது என்ன செய்யுது? எறும்பு கூடு கட்டுது. லண்டனிலை ஆரோ முகம் தெரியாத ஆக்களுக்காக என்ரை பிள்ளையை இஞ்சை வைச்சிருக்கச் சொல்லுறீரோ?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அருந்ததிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீக்கிலாப்பிள்ளை தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவனமாக நிலத்தில் வைத்துவிட்டு, அருந்ததியிடம் திரும்பினார்.

"பிள்ளை, என்ரை மனம் உம்மடை பக்கம்தான். ஆனா தாரணிப் பெட்டைக்குக் குறுக்கை என்ரை வாய் தானா 'இல்லை' எண்டு சொல்லாது. நீர் ஓம் எண்டால் நானும் ஓம். நீர் இல்லை எண்டால் நானும் இல்லை."

"உது உங்கடை முடிவில்லை, ஐயா. என்ரை தலையிலை வைக்கிறியள்."

"ஓம். தெரிஞ்சுதான் வைக்கிறன். எனக்கு வயசு போட்டுது."

மாஸ்டர் எழுந்து யன்னலருகில் போய் நின்றார். நாற்று என்று பெயர் வைத்தவர் அவர். மகளின் பெயரைத் தெரிவு செய்தவரும் அவர்தான். அருந்ததி அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை.

---

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போனாள். தாரணியின் ரியூசன் முடிகிற நேரம். காலையிலிருந்து அந்தப் பிள்ளையைப் பற்றி எத்தனை கதை கதைத்தாயிற்று. அவளுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு யோசனை எதுவும் இருக்கவில்லை.

சந்தியில் சனம் வட்டமாக நின்றது. சந்தைக்கு வந்தவர்கள் மரக்கறிப் பையோடு நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்வட்டத்தில். நடுவில் பறை அடித்து இயக்கத்தின் தெருநாடகம் நடந்துகொண்டிருந்தது. நாடகத்தில் ஒரு தாய் இடிந்த வீட்டுக்குள் பிள்ளையைத் தேடினாள். தேடித் தேடி, கடைசியில் ஒரு செருப்பை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். பறை நின்றது. நடித்த பெண் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

தாரணி உள்வட்டத்தில் நின்றாள். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற தோழிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தாரணி அழவில்லை, திரும்பவில்லை. கணக்குக்கு விடை கண்டுவிட்ட பிள்ளை, மற்றவர்கள் முடிக்கட்டும் என்று பொறுமையாக இருப்பது போல இருந்தாள்.

அந்த முகத்தை அருந்ததி முன்பும் கண்டிருக்கிறாள். அவள் படிப்பிக்கும் கணித வகுப்பில் இருந்த அற்புதராணி, கடைசியாக வந்த நாளில் இப்படித்தான் இருந்தாள். அன்று அவள் ஒரு பிழையும் விடாமல் கணக்குச் செய்தாள். அருந்ததி அவளை மெச்சி அனுப்பினாள். அடுத்த நாள் கதிரை வெறுமை.

தாரணி என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் அந்த வட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். பிள்ளைக்கு வெட்கமாகிவிடும். அந்த வெட்கமே அவளை இயக்கத்துக்குத் தள்ளிவிட்டால்? அருந்ததி சைக்கிளைத் திருப்பினாள்.

எதிர்காற்றில் மிதித்து வரும் வழியெல்லாம் அவள் நாற்றை நினைக்கவில்லை. யசிந்தாவை நினைக்கவில்லை. மூன்று மணிக்கு முன் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

நீக்கிலாப்பிள்ளை படலையடியில் பையைக் கரியலில் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அருந்ததி இறங்கி மூச்சு வாங்கினாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, ஐயா."

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எல்லாத்துக்குமோ? பூட்டுறதுக்கும்?"

"எல்லாத்துக்கும்."

மாஸ்டர் தங்கையைப் பார்த்தார். பிறகு கயிற்றை முடிச்சுப் போட்டார். நீக்கிலாப்பிள்ளை தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"யசிந்தா கேட்டால் என்ன சொல்ல?"

அருந்ததி சைக்கிளை வேலியில் சாத்தினாள்.

"அவளின்ரை திருத்தம் சரி எண்டு சொல்லுங்கோ. ஓட்டிப் பாத்தது, வடிவா வேலை செய்தது எண்டு சொல்லுங்கோ."

"இனி அதைச் சொல்லி?"

"தெரியும். எண்டாலும் சொல்லுங்கோ."

கமலாவதி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அருந்ததியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். இப்போதுதான் அவள் அழுதாள். கண்ணீர் சூடாக இருந்தது. அருந்ததிக்கு ஆறுதலாக இல்லை, கோபமாகவும் இல்லை. கை மட்டும் நனைந்தது.

கிழவர் சைக்கிளில் ஏறி, ஒருமுறை ஆடி, நேராகிப் போனார். ஒழுங்கையின் வளைவில் அவர் மறையுமட்டும் மூவரும் படலையில் நின்றார்கள். மூவரில் எவரும் கையசைக்கவில்லை.

---

பொழுது சாய்கிற நேரத்தில் தாரணி வந்தாள். கிணற்றடியில் அருந்ததி தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளை பையை மதிலில் வைத்துவிட்டு, காலை நீட்டி, "ஊத்துங்கோ மாமி," என்றாள்.

அருந்ததி ஊற்றினாள்.

"உங்களைச் சந்தியிலை கண்டனான். ஏன் என்னைக் கூப்பிடாமல் போனனீங்கள்?"

"அவசரம், பிள்ளை. நீக்கிலாப்பிள்ளை ஐயா வெளிக்கிட்டவர்." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தாரணி, ஒரு நல்ல விசயம். பஞ்சன் சித்தப்பா உன்னைக் கனடாவுக்குக் கூப்பிடுறார். பாசுக்கும் வழியிருக்கு. எல்லாம் முடிவாச்சு."

"ஆர் முடிவெடுத்தது?"

"நாங்கள்தான். அப்பா, நான், ஐயா."

"மூண்டு பேரும் சம்மதமோ?"

"ஓம்."

தாரணி சிரித்தாள். கேலியாக இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஸ்ரூலில் ஏறி இருந்து, மாமி இந்த எழுத்தை நான் அடிக்கட்டோ என்று கேட்டுச் சிரித்த அதே சிரிப்பு.

"அம்மாவும் கதைச்சவவோ?"

"கதைச்சவ."

"அப்ப எல்லாரும் கதைச்சிட்டியள்." அவள் குனிந்து, மற்றக் காலைத் தானே தேய்த்துக் கழுவினாள். நிமிராமலே சொன்னாள். "மாமி, நான் திங்கட்கிழமை பேர் குடுத்திட்டன்."

கப்பியில் கயிறு மெல்லக் கிறீச்சிட்டது. அருந்ததி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கை குடுத்தனீ?"

"உங்களுக்குத் தெரியும்தானே. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவினம்."

"நான் போய்க் கதைக்கிறன். வயசு காணாது எண்டு சொல்லுறன். நாளைக்குக் காலமையே போறன்."

"போய்க் கதையுங்கோ. திருப்பி அனுப்புவினம். அடுத்த கிழமை நான் வேறை இடத்திலை போய்க் குடுப்பன்." குரலில் பிடிவாதம் இருக்கவில்லை. அதுதான் அருந்ததியைப் பயமுறுத்தியது. "என்னோடை கோவிக்காதேங்கோ. நான் கனநாளா யோசிச்சனான். நீங்கள் ஆராவது ஒருக்கா என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். சொல்லாமல் விட்டிருப்பனோ தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம்."

"இப்ப கேக்கிறன், பிள்ளை. போகாதை."

"இது கேக்கிறதில்லை, மாமி. சொல்லுறது."

வேலிக்கு அப்பால் ஒரு சைக்கிள் போனது. நீக்கிலாப்பிள்ளை இந்நேரம் கொடிகாமத்தைத் தாண்டியிருப்பார். இருட்டினால் கிளாலியில் வள்ளங்கள் வெளிக்கிட்டுவிடும். அக்கரைக்குப் போனால் போனதுதான். இன்னும் சில நாளில் கொழும்பில் ஒரு கடையில் நின்று ரெலிபோனில் சொல்லிவிடுவார், சுன்னாகம் சம்மதம் என்று. லண்டனும் ஒஸ்லோவும் கேட்டுக்கொள்ளும். இத்தனை காலமும் சுன்னாகத்தின் வார்த்தைக்குக் காத்திருந்த நல்ல பிள்ளைகள். பஞ்சன் கதவைப் பூட்டிவிட்டு, சொன்ன சொல் தவறாமல், வராத ஒரு பிள்ளைக்கு அலுவல் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ," என்றாள் தாரணி. "ஞாயிறுமட்டும் இருக்கட்டும். பாவம்."

"எப்பிடிச் சொல்லாமல் இருக்கிறது?"

"நான் சொல்லாமல் இருக்கிறன்தானே."

குசினிக்குள்ளிருந்து கமலாவதியின் குரல் கேட்டது. பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத குரல், இலேசான குரல்.

"தாரணி, வந்திட்டியோ? கொஞ்சம் உள்ளை வாவன்."

இருவரும் உள்ளே போனார்கள். கமலாவதி போத்தல் விளக்கைக் கொளுத்தி மேசையில் வைத்திருந்தாள். கொழும்பிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த நீலச் சீத்தைத் துணியை விரித்து, ஊசிகளை வாயில் கவ்வியபடி நின்றாள். மாஸ்டர் மூலையில் கதிரையில் இருந்தார். மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று முழுவதும் அவர் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"மாமி சொன்னவவோ?" கமலாவதி ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சொன்னவ, அம்மா."

"சந்தோசமோ?"

"ஓம்."

"அங்கை குளிராம். இது போற வழிக்கு மட்டும். கையை விரி பாப்பம்."

தாரணி இரண்டு கைகளையும் விரித்தாள். கமலாவதி துணியை ஒரு தோளில் பிடித்து, முதுகால் கொண்டுபோய், மறு தோளில் ஊசி குத்தினாள். மகளின் கழுத்தில் ஒட்டியிருந்த புழுதியைத் தலைப்பால் துடைத்தாள்.

"இன்னும் வளருவாள் இவள். ஒரு விரக்கடை கூட விட்டுத் தைப்பம், என்ன அருந்ததி? பேந்து அவிழ்த்து விடலாம்."

விளக்கு காற்றில் சரிந்தது. தாயின் தலைக்கு மேலால் தாரணி மாமியைப் பார்த்தாள்.

அருந்ததி விளக்கை மேசையிலிருந்து எடுத்து, கமலாவதிக்கு அளவு நன்றாகத் தெரியட்டும் என்று உயர்த்திப் பிடித்தாள்.